நாற்பத்தெட்டுக் கிலோ

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஈப்போ டவுனில், சிலிபின் பக்கம் எங்கள் தெருவில், "அந்த வீட்டு நடுப் பொண்ணுகிட்ட மட்டும் வாயக் குடுக்காத" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டதே அந்தக் கோபம்தான். பினாங்கில் மருந்தியல் படித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கே திரும்பி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். புற்றுநோய் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலையை என் மேலதிகாரி என் தலையில் கட்டினார். அவர் ஒரு சீன அம்மாள், குரலே எழும்பாது. "டாக்டரோடு சண்டை போடுவதற்கு இங்கே உன்னை விட்டால் ஆள் இல்லை" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கிளினிக் வியாழக்கிழமைகளில். நோயாளிகள் காலை பஸ்ஸில் வருவார்கள். இரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், டாக்டரைப் பார்ப்பார்கள். டாக்டர் எழுதிய சீட்டு எங்கள் கவுண்டருக்கு வரும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து வெளியே போகும். பக்கத்து அறையில் தாதி ஊசி போட, மாத்திரையை வாங்கிக்கொண்டு மதிய பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என் வேலையைச் சொல்லுகிறேன். சீட்டில் ஆள் யார், எத்தனையாவது தடவை, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எவ்வளவு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு தாள் இருக்கும். அதில் மூன்று கோடுகள். இடப்பக்கக் கோட்டில் உயரம், வலப்பக்கக் கோட்டில் எடை. இரண்டையும் சேர்த்து ஸ்கேலை வைத்தால் நடுக்கோட்டில் அந்த உடம்பின் பரப்பளவு கிடைக்கும். அந்தப் பரப்பளவை வைத்துத்தான் மருந்தின் அளவு. ஸ்கேலை வைத்து வைத்து அந்த நடுக்கோடு பாதி அழிந்துபோயிருந்தது. இந்த மருந்துகள் விஷம். நோயைக் கொல்லும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. பதினாலு நாள் மாத்திரையை ஒருமுறை டாக்டர் இருபத்தெட்டு நாளைக்கு எழுதிவிட்டார். நான் போனில் போட்ட சத்தத்தில் கவுண்டருக்கு வெளியே நின்ற கூட்டம் வாயடைத்துப் போனது. அன்றிலிருந்து டாக்டருக்கு என்மேல் மரியாதையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இனி அக்காவைப் பற்றி. கூடப் பிறந்தவர் இல்லை, மருந்துக்கு வந்தவர். பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பி வராமல் இருக்க ஆறு மாதத்துக்கு மருந்து. மாதத்தில் முதல் நாளும் எட்டாம் நாளும் ஊசி, கூடவே பதினாலு நாள் மாத்திரை. எடை பார்ப்பது முதல் நாள் மட்டும்.

முதல் மாதமே என்னிடம் ஒட்டிக்கொண்டார். கவுண்டர் ஓட்டைக்குள் தலையை விட்டு, "ஏம் மிஸ்ஸி, ஒன்னயும் எடை போட்டுப் பாத்தாங்களா? காத்தடிச்சா பறந்துருவ போலருக்கே" என்றார். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் எல்லாருமே மிஸ்ஸிதான். அடுத்த வாரம் ஒரு பொட்டலத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் வந்தன. மருந்து வாங்க வருகிறவர்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. சொல்லிப் பார்த்தேன். "நான் மருந்து வாங்குறேன், நீ கெழங்கு வாங்கு. இதுக்கென்ன ரூலு?" என்றார். கவுண்டருக்குக் கீழே குனிந்து நின்று தின்றேன். அப்படி ஒரு ருசி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று சொன்னால் போதாது, வியாழக்கிழமை என்றாலே அந்த முகத்தைத்தான் முதலில் தேடுவேன்.

நான்காவது மாதம். அவருடைய சீட்டைக் கையில் எடுத்தேன். வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கியிருந்தன. இந்த மருந்துக்கு இறங்கத்தான் செய்யும், ஆனால் அடுத்த ஊசிக்குள் ஏறிவிட வேண்டும். ஏறவில்லை. கணக்கில்தான் எங்கோ பிசகு என்று நினைத்துப் பழைய சீட்டுகளை எடுத்துப் பரப்பினேன். முதல் மாதம் எடை நாற்பத்தெட்டு. இரண்டாம் மாதம் நாற்பத்தெட்டு. மூன்றாம் மாதம் நாற்பத்தெட்டு. இதிலும் நாற்பத்தெட்டு. மாதக்கணக்காக வாந்தியும் வாய்ப்புண்ணுமாக இருக்கிற ஒருவருக்கு அரைக் கிலோகூடவா ஏறாது, இறங்காது?

வழக்கம்போல் கோபம் முந்திக்கொண்டது. எடை பார்க்கிற மலாய்க்கார அம்மாள், எங்களுக்கெல்லாம் மக்சிக், தராசில் ஏற்றாமலே பழைய எண்ணைப் பார்த்து எழுதுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நேரே போய்ச் சத்தம் போட்டேன். அந்த மனுஷி கண் கலங்கிப்போய், தன் கையால் நிறுத்ததாகச் சத்தியம் செய்தார். "சரி, என் முன்னாலே நிறுங்கள்" என்றேன். அக்காவைக் கூப்பிட்டு ஏற்றினோம். நாற்பத்தெட்டு. தராசுதான் கெட்டுவிட்டதோ என்று நானும் ஏறி நின்று பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

அக்காவோ சரியாக இல்லை. அன்றைக்குத்தான் அவரை நின்று பார்த்தேன். ரவிக்கைக் கையை இரண்டு முறை பிடித்துத் தைத்திருந்தார். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. கவுண்டர் ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிரிப்பு மட்டும்தான். தராசிலிருந்து இறக்கிவிட இடுப்பைப் பிடித்தேன். கையில் தட்டுப்பட்டது இடுப்பில்லை. மூட்டை.

ஊசி போடும் அறைக்குள் கூட்டிப்போய்த் திரையை இழுத்தேன். சேலைக்குள்ளிருந்து அவரே அவிழ்த்து மேசையில் வைத்தார். பழைய கைலியைக் கிழித்து, குழாய்போலத் தைத்து, உள்ளே கறுப்பு மணல் அடைத்த இடுப்புப் பட்டை. பழைய ஈயச் சுரங்கங்களில் ஈயத்தை அலசியெடுத்த பிறகு மிஞ்சுகிற மணல் அது. ஒரு கைப்பிடியே கல் மாதிரி கனக்கும். அதைக் கூடையில் போட்டு இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக் கக்கூசில் கட்டிக்கொள்வாராம். பட்டையைத் தனியாக நிறுத்தோம். ஏழு கிலோ. அக்கா நாற்பத்தொன்று.

"ஏன்க்கா இப்படி?"

"எங்க லயத்துல பக்கத்து வீட்டுக்காரிக்கு இதே நோவு. மாசாமாசம் எட கொறஞ்சுச்சு. இனிமே ஊசி வேணாம், வீட்டுல போயி இருங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டே மாசம், போயிட்டா. எட கொறஞ்சா மருந்து கெடையாதுலா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? ஒட்டுப்பால் எட கொறஞ்சா கிராணி அரைப் பேருதான் போடுவாரு. அதுக்காக உள்ள மண்ண வச்சு உருட்டி நிறுத்தவதான் நானு. எனக்கா தெரியாது?"

மரத்தின் வெட்டிலும் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்திலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர்தான் ஒட்டுப்பால். தோட்டத்தில் அதையும் திரட்டி நிறுத்துத்தான் அன்றைய வேலை முழுநாளா அரைநாளா என்று கணக்குப்பிள்ளையான கிராணி பேரேட்டில் பதிவார். இருபத்தைந்து வருஷம் தராசுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குத் தராசு என்றால் அதுதான். குறைந்தால் தண்டனை. சிலிபினில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பொய்யான எடைக்கு எழுதிய மருந்து. பரப்பளவுக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் சாப்பிட முடியாமல் தேய்ந்துபோன உடம்புக்கு அந்தக் கொஞ்சமே அதிகம். வெள்ளை அணுக்கள் இன்னும் இறங்கியிருந்தால், ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

"அறிவிருக்கா உங்களுக்கு? செத்துப் போயிருப்பீங்க" என்று கத்தினேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை, அணுக்கள் ஏறட்டும், இன்றைக்கு ஊசி வேண்டாம், அடுத்த வியாழன் புது எடைக்குப் புதுச் சீட்டு எழுதலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் அதை எப்படித் தமிழில் சொன்னேன் தெரியுமா? "இன்னிக்கு ஊசி கெடையாது. அடுத்த வியாழன் வாங்க." அவ்வளவுதான். ஏன், எதற்கு, பயப்படாதீங்க என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அக்கா பட்டையைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை.

அந்த ஒரு வாரத்தில் எனக்கு இன்னொன்றும் உறைத்திருந்தது. இரண்டாம் மாதச் சீட்டிலும் மூன்றாம் மாதச் சீட்டிலும் பொய் எடைக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து. கிழங்கைத் தின்றுகொண்டே போட்ட கையெழுத்தாகக்கூட இருக்கலாம். பிடித்தவர் என்பதாலேயே அவருடைய சீட்டை நான் கண்ணை ஓட்டிவிட்டு அனுப்பியிருந்தேன். பாவம் அந்த மக்சிக், அவரைப் போய்த் திட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அது மேலே போகும் என்று தெரியும், என்ன ஆகும் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பத்து காஜா பஸ்ஸில் ஏறினேன். ஊசி தள்ளிப்போவது ஒரு வாரம் என்றால் பரவாயில்லை. அப்படியே நின்றுபோனால் நோய்க்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. தோட்டத்து முச்சந்தியில் ஒரு தமிழ் முஸ்லிம் பாயின் மளிகைக் கடை. வழி கேட்டேன்.

"அந்தக்காவா? மாசாமாசம் நம்ம தராசுல ஏறி நிப்பாங்களே" என்றார் பாய். அரிசி மூட்டை நிறுக்கிற தராசைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயந்தரம் வந்து, மடியைக் கட்டிக்கொண்டு, எண்பது காத்தி வந்தால்தான் இறங்குவாராம். காத்தி பழைய அளவு. எண்பது காத்தி என்றால் நாற்பத்தெட்டுக் கிலோ. "எட ஏறுதான்னு பாக்குறாங்கன்னு நெனச்சேன். நல்லாருக்கட்டும்னு துவா கேட்டேன்மா" என்றார். அந்த மனுஷரிடம் எதையும் விளக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்கா வீட்டுக்குள் பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "வாங்க மிஸ்ஸி, ஒக்காருங்க" என்றார். எப்போதும் என்னை வா, போ என்று பேசுகிறவர். அந்த மரியாதை எனக்குச் சுருக்கென்றது. பெரிய மகள் கருப்புக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன்க்கா வரல?"

"வந்து என்ன செய்ய? எட கொறஞ்சது தெரிஞ்சுபோச்சு. ஊசி கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒரு வாரத்துக்குத்தான்க்கா கெடையாது. மருந்த நிறுத்தல."

"அவளுக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

பக்கத்து வீட்டுக்காரிக்கு நோய் எந்த அளவில் இருந்தது, உங்களுக்கு எந்த அளவில் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு என்று சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. மூன்று கோட்டுத் தாளைப் பற்றிக் கையால் காற்றில் வரைந்து காட்டினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த உதாரணத்தை எடுத்துவிட்டேன். "ரப்பர் பால் உறையறதுக்கு ஆசிட் ஊத்துவாங்கல்ல? பால் கொறச்சலா இருந்தா ஆசிட்டையும் கொறைக்கணும், இல்லாட்டிக் கெட்டுப்போகும். அது மாதிரிதான்க்கா இதுவும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆசிட்டு ஊத்துறது ஸ்டோர்ல வேலை செய்ற ஆம்பளைங்க. நான் மரம் வெட்டுறவ. எனக்கெப்படித் தெரியும்?"

படித்த படிப்பு, எழுதிய பரீட்சை எல்லாம் அந்தக் காப்பி டம்ளருக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயாடிகளுக்கு அழுகை வந்தால் பார்க்கச் சகிக்காது.

"தப்பு எம்மேலதான்க்கா. ரெண்டு மாசம் ஒரே எட வந்திருக்கு. பாக்க வேண்டியவ நான். பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்கள அன்னிக்குத் திட்டுனது பயத்துல. எதுனா ஆயிருந்தா நான்தான்க்கா உங்களக் கொன்னிருப்பேன்."

அக்கா முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார், அழுத்தி, பிள்ளைகளுக்குத் துடைக்கிற மாதிரி.

"இத ஆபீஸ்ல யாருட்டயும் சொல்லிட்டியா?"

"எழுதிக் குடுத்துட்டேன்."

"பைத்தியம். ஒனக்கு வேலை போயிருமாலா?"

"தெரியலக்கா."

அக்கா மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். "நான் வராமப் போனா இன்னும் மோசமாயிரும்ல? எங்க அந்த நோயாளி, என்ன ஆனான்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"அப்ப வியாழக்கிழம வாரேன்" என்றார்.

எத்தனை சொல்லியும் தன் உயிருக்காக வராதவர், என் வேலைக்காக வருகிறேன் என்றார். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு தரம் அழுதேன்.

வியாழக்கிழமை வந்தார். வந்ததும் நேராக டாக்டரிடம் போய், நான் தடுப்பதற்குள், மார்க்கெட்டு மலாயில் ஆரம்பித்துவிட்டார். மிஸ்ஸிமேல் தப்பில்லை, மிஸ்ஸி போன மாதமே கேட்டது, நான்தான் அது கண்ணில் மண்ணைத் தூவினேன், எல்லாம் என் தப்பு என்று ஒரே மூச்சில். பக்கத்தில் என் மேலதிகாரி நின்றிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. பிறகு, "இல்லை டாக்டர், போன மாதம் நான் கேட்கவில்லை, பார்க்கவுமில்லை" என்றேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நல்லதுக்கு ஒரு பொய் சொன்னா அதையும் ஒடச்சுப்புடு. ஒன்னையெல்லாம் எவன் கட்டிக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துவான்" என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திட்டினார். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரித்துவிட்டார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் சீட்டில் இந்த மாத எடைக்குப் பக்கத்தில் போன மாத எடையும் எழுத ஒரு கட்டம் சேர்த்தார்கள். எடை பார்க்கும்போது மருந்தகத்திலிருந்து ஒருவர் கூட நிற்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள்.

வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன. அக்கா தராசில் ஏறினார். நாற்பது. முள்ளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பதுக்கா" என்றேன். "எழுதிக்க" என்றார்.

ஸ்கேலை வைத்தேன். நடுக்கோட்டைப் படித்தேன். இரண்டு தரம் கணக்குப் போட்டேன், மூன்றாவது தரம் மேலதிகாரியைப் போடச் சொன்னேன். மூன்றும் ஒன்றாக வந்தது. டாக்டர் எழுதிய அளவும் அதுவே. கையெழுத்துப் போட்டு, மருந்தை நானே ஊசி அறைக்குக் கொண்டுபோனேன். தாதி மருந்தை ஊசிக்குள் இழுத்தபோது அக்கா அதையே பார்த்தார். மூன்று மாதமாகப் பார்த்துப் பழகிய கண். இது குறைவு என்று உடனே தெரிந்துவிட்டது.

"மிஸ்ஸி, கொறச்சுட்டியே. இது போதுமா?"

போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளில் உடம்பின் பரப்பளவுக்குத்தான் கோடு உண்டு, ஆயுசுக்குக் கோடு கிடையாது. டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது, காய்ப்புக் காய்த்த கை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நிச்சயமாகத் தெரியாத எதையும் நோயாளியிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"போதும்க்கா."

பதினோரு வருஷத்துக்குப் போதுமாக இருந்தது.